மாடிப்படியில் உட்கார்ந்து இறங்கிய இளவரசி

வெர்சாய் அரண்மனையின் அகன்ற பளிங்குப் படிகளில் இறங்கும்போதெல்லாம் அவர் பற்றிக்கொள்ள ஒரு பிரபுவின் கை இருந்தது. முன்னும் பின்னும் ஏவலர்கள் சூழ்ந்து வந்தார்கள். பிரான்ஸ் அரசர் பதினைந்தாம் லூயியின் கடைசி மகளான அவருடைய பெயர் லூயிஸ். 1770 ஏப்ரலில், பாரிஸுக்கு வடக்கே உள்ள சேன்-தெனி நகரத்தில், கண்டிப்புக்குப் பெயர்போன கத்தோலிக்கத் துறவு சபையான கார்மேலின் கன்னியர் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 32. அங்கே இருந்ததோ குறுகலான, செங்குத்தான மாடிப்படி. பிடித்துக்கொள்ளக் கை நீட்டுவார் யாருமில்லை. ஆரம்ப நாள்களில் அந்தப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினார் என்று, அரண்மனையில் அவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் பணியில் இருந்த காம்பான் அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். துறவுக்கு வேண்டிய மற்ற எல்லாவற்றுக்கும் பல ஆண்டுகளாக ரகசியமாகத் தம்மைப் பழக்கிக்கொண்டு வந்தவருக்கு, தனியாகப் படி இறங்கவும் பழக வேண்டியிருக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை.

கன்னியாஸ்திரியான அரசகுமாரிகளைப் பற்றிய பக்தி நூல்கள் பெரும்பாலும் ஒரே பாதையில் செல்லும்: பட்டாடையைக் களைந்தாள், கம்பளியை உடுத்தாள், உலகத்தை மறந்தாள். லூயிஸைப் பற்றியும் அப்படிப்பட்ட நூல்கள் உண்டு. அவர் வாழ்ந்த காலத்திலேயே இதற்கு நேர் எதிரான பேச்சும் இருந்தது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அரசவையை ஆட்டிவைக்கும் சூழ்ச்சிக்காரி என்று துண்டுப் பிரசுரங்கள் அவரை வைதன. பட்டாடையை அவர் முழுமனத்தோடுதான் களைந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அரசன் மகள் என்ற நிலை ஆடையைப் போலக் களையக்கூடியதாக இல்லை. மடத்து வாசலில் விட்டுவிட்டு வந்ததாக அவர் நினைத்த பிறப்பு, அவருக்குப் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டது. வந்ததோடு நிற்காமல், மடத்துக்காக வேலையும் செய்தது.

லூயிஸ் 1737 ஜூலை 15 அன்று வெர்சாயில் பிறந்தார். பதினைந்தாம் லூயிக்கும் போலந்து நாட்டவரான அரசி மரி லெஷ்சின்ஸ்காவுக்கும் பத்தாவது குழந்தை, பெண்களில் எட்டாவது. இத்தனை பெண்களை அரண்மனையில் வைத்து வளர்ப்பதற்கு ஆகும் செலவு கருவூலத்துக்குச் சுமையாகப் பட்டது. ஒவ்வொரு அரசகுமாரிக்கும் தனி அறைகள், தனிப் பணியாளர் படை, தனிச் சமையல் என்பது அங்கே வழக்கம். அன்று ஆட்சியின் பொறுப்பில் இருந்த கர்தினால் ஃப்ளெரி கண்ட வழி, இளையவர்கள் நால்வரையும் ஃபோந்தெவ்ரோ மடத்துக்கு அனுப்பிவிடுவது. 1738இல் லூயிஸுக்கு ஒரு வயதுகூட நிரம்பாத நிலையில், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருந்த அந்த மடத்துக்கு மூன்று அக்காள்களோடு அவர் அனுப்பப்பட்டார். திரும்பி வந்தது 1750இல். பெற்றோரின் முகத்தை நினைவு தெரிந்து அவர் முதன்முதலில் பார்த்தது பதின்மூன்றாவது வயதில். இடையில் ஓர் அக்காள், தெரேஸ், 1744இல் அந்த மடத்திலேயே இறந்துபோனார். சிறு வயதில் படுக்கையிலிருந்து விழுந்ததால் லூயிஸின் முதுகெலும்பு கோணிப்போய்விட்டது என்றும் சொல்கிறார்கள்.

ஃபோந்தெவ்ரோவை அடக்கத்தைக் கற்பிக்கும் இடம் என்று எண்ணிவிடக் கூடாது. துறவிகள், கன்னியர் இரு பாலாரையும் ஒரு பெண் தலைவியே ஆண்ட அரச மடம் அது; தலைவிகள் பெரிய குடும்பத்துப் பெண்கள். அங்கேயும் சிறுமி தண்ணீர் குடித்தால் சுற்றி இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்ற அரண்மனை வழக்கம் செல்லுபடியானது. ஒருநாள் அவர் குடிக்கும்போது யாரும் எழவில்லை. “எழுந்திருங்கள், லூயிஸ் இளவரசி குடிக்கிறார்” என்று குழந்தையே அதட்ட, வளர்ப்புத் தாய் “எல்லாரும் உட்கார்ந்தே இருங்கள்” என்று மறு உத்தரவு போட்டாராம். மற்றொரு முறை, தமக்குப் பணிவிடை செய்தவளிடம் கோபப்பட்டு, “நான் உன் அரசரின் மகள் இல்லையா?” என்று கேட்டபோது, “நான் உங்கள் கடவுளின் மகள் இல்லையா, இளவரசி?” என்ற பதில் வந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்லுகின்றன. பின்னாளில் புனைந்து சேர்த்ததோ என்று ஐயப்படும் அளவுக்குக் கச்சிதமான கதைதான். ஆயினும் அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த இரு கேள்விகளுக்கும் நடுவில்தான் நடந்தது.

வெர்சாய்க்குத் திரும்பியவர்களுக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. சகோதரிகளில் மூத்தவர் எலிசபெத் ஒருவர்தான், ஸ்பெயின் அரசரின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். பிரான்ஸ் அரசரின் மகளுக்கு நிகரான கத்தோலிக்க அரச வரன் ஐரோப்பாவில் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் கிடைக்கும். தகுதியில் குறைந்த இடத்தில் கொடுப்பதோ மரபுக்கு இழுக்கு. எனவே மற்றவர்கள் கன்னியராகவே அரண்மனையில் மூப்படைந்தார்கள். பிரபு குடும்பங்களில் பெண்களை மடத்துக்கு அனுப்பியதன் பின்னணியில் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும்: கலியாணத்துக்குக் கொடுக்கும் சீதனத்தை விட மடத்துக்குக் கொடுக்கும் சீதனம் மிகக் குறைவு. லூயிஸின் துறவை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவரை யாரும் அனுப்பவில்லை. அவர் போய்விடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அரண்மனையில் அவருடைய ஒரு மாலைப்பொழுதைக் காம்பான் நுணுக்கமாக வருணிக்கிறார். ஆறு மணிக்கு அரசர் வேட்டைக் காலணிகளைக் கழற்றும் சடங்கு. மகள்கள் நால்வரும் அதற்குப் போயாக வேண்டும். வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை நிறுத்திவிட்டு, பொன் வேலைப்பாடு செய்த பாவாடையைத் தாங்கும் பெரிய வளையக் கூட்டை மாட்டி, நீண்ட பின்தொங்கலை இடுப்பில் கட்டி, உள்ளே சரியாக உடுத்தாததை மறைக்கத் தாடை வரை கறுப்புப் பட்டு மேலங்கி ஒன்றைப் போர்த்திக்கொண்டு கிளம்புவார்கள். பிரபுக்களும் பணிப்பெண்களும் தீவட்டி ஏந்திய ஏவலர்களும் உடன் வருவார்கள். அரசர் ஒவ்வொருவரையும் நெற்றியில் முத்தமிடுவார். அவ்வளவுதான், கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, கட்டியதை எல்லாம் அவிழ்த்துவிட்டு, புத்தகத்தை விட்ட இடத்திலிருந்து கேட்கத் தொடங்குவார்கள். மகள்களுக்கு அரசர் செல்லப் பெயர்களும் வைத்திருந்தார். லூயிஸுக்கு வைத்த பெயர் ‘சிஃப்’. மட்டமான துணி என்று பொருள்படும்.

துறவு எண்ணம் எப்போது தோன்றியது என்பதற்குப் பொதுவாகச் சுட்டப்படும் ஆண்டு 1751. அந்த ஆண்டில், கணவரை இழந்த ருப்பெல்மோந்த் சீமாட்டி பாரிஸ் கார்மேல் மடத்தில் துறவாடை பெற்ற சடங்குக்கு அரச குடும்பத்தோடு லூயிஸும் போயிருந்தார். அதற்குப் பிறகு பத்தொன்பது ஆண்டுகள் அவர் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு சும்மா இருந்த காத்திருப்பல்ல. கார்மேல் கன்னியரின் உடை ஒன்றை வரவழைத்துப் பூட்டிவைத்து, தனியாக இருக்கும்போது உடுத்திப் பழகினார். குளிர்காலத்தில் கணப்புக்கு அருகே போவதைத் தவிர்த்தார். தேன்மெழுகுத் திரி எரிந்த அரண்மனையில், ஏழை மடங்களில் எரியும் மாட்டுக்கொழுப்புத் திரியின் நாற்றத்துக்கு மூக்கைப் பழக்குவதற்காக அதை வரவழைத்துக் கொளுத்தினார். இதையெல்லாம் செய்துகொண்டே வேட்டையில் குதிரையேறினார். குதிரையேற்றத்தில் அவருக்கு மிகுந்த விருப்பம்.

1765 டிசம்பரில் பட்டத்து இளவரசராக இருந்த அண்ணனும், 1768 ஜூனில் தாயாரும் இறந்தார்கள். 1769 ஏப்ரலில் அரசரின் புதிய ஆசைநாயகி து பாரி முறைப்படி அரசவையில் அறிமுகம் செய்யப்பட்டார். துறவின் நோக்கமாக லூயிஸ் சொன்னதாக ஒரு வாக்கியம் வழங்குகிறது: “நான் கார்மேல் கன்னி, அரசர் முழுவதும் கடவுளுக்கு.” தந்தையின் ஆன்மாவுக்கு ஈடாகத் தம் வாழ்வை வைப்பது என்ற இந்த எண்ணத்தை இன்றைய வாசகர் விசித்திரமாகக் கருதலாம். கார்மேல் சபையின் மறையியலுக்கோ அது அடித்தளம்: உலகத்துக்காக அடைப்புக்குள், அதாவது மடத்தை விட்டு வெளியே போகாமல் இருந்து மன்றாடுவதுதான் அங்கே வேலை. தந்தையைத் திருத்த முடியாத மகளுக்கு, அவருக்காக ஏதோ செய்வதற்கு இருந்த ஒரே வழி அது என்றும் சொல்லலாம்.

அவர் தேர்ந்தெடுத்த சபைக்குப் பிறப்பு விஷயத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. கார்மேல் சபையைச் சீர்திருத்திய ஸ்பெயின் நாட்டு அவிலா தெரேசா 1535இல் சேர்ந்த அவிலாவின் மனித அவதார மடத்தில், அவர் காலத்தில் ஏறத்தாழ 180 கன்னியர் வரை இருந்தார்கள். செல்வக் குடும்பத்துப் பெண்கள் சொந்த அறைகளும் பணிப்பெண்களும் ‘தோன்யா’ என்ற சீமாட்டிப் பட்டமுமாக வாழ, ஏழைகள் பொதுக் கூடத்தில் படுத்தார்கள். தெரேசாவுக்கும் தனி அறைகள் இருந்தன. 1562இல் அவர் தொடங்கிய புதிய மடத்தில் எண்ணிக்கையை முதலில் பதின்மூன்றாகக் குறைத்து, பின்னர் 21ஐ உச்ச வரம்பாக வைத்தார், பட்டங்களை ஒழித்தார், உயர்ந்த குடியில் பிறந்தவளே தன் தந்தையைப் பற்றி மிகக் குறைவாகப் பேச வேண்டும் என்று தம் கன்னியருக்கு எழுதினார். தெரேசாவின் பாட்டனார் யூத மதத்திலிருந்து மாறியவர். குடும்பம் தன் பிரபுத் தகுதியை நீதிமன்றத்தில் வழக்காடி நிலைநாட்டியிருந்தது. குலப்பெருமையின் விலை என்னவென்று அவருக்கு வீட்டிலேயே தெரியும்.

அந்த விதி விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. பாஸ்த்ரானாவில் தெரேசாவின் மடத்துக்கு இடமும் பணமும் கொடுத்தவர் எபோலி இளவரசி ஆனா தெ மெந்தோசா. 1573 ஜூலையில் கணவர் இறந்ததும், துக்கத்தின் வேகத்தில் கார்மேல் ஆடையை உடுத்திக்கொண்டு, பணிப்பெண்களோடு மடத்தில் வந்து இறங்கினார். செய்தி கேட்ட மடத்துத் தலைவி, “இளவரசி கன்னியாஸ்திரியா? அப்படியானால் இந்த மடம் தொலைந்தது” என்றாராம். கன்னியர் தம்மிடம் முழந்தாளிட்டுப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்த இளவரசியோடு காலம் தள்ள முடியாமல், 1574 ஏப்ரலில் கன்னியர் அனைவரும் இரவோடு இரவாகப் புறப்பட்டு செகோவியாவுக்குப் போய்விட்டார்கள். ஓர் இளவரசி வருகிறாள் என்றால் கார்மேல் மடங்கள் மகிழ்வதற்கு முன் கலங்கியதற்குக் காரணம் இருந்தது.

லூயிஸின் விஷயத்தில் அந்தக் கலக்கம் பொய்த்தது. 1770 ஜனவரி இறுதியில் பாரிஸ் பேராயர் கிறிஸ்தோஃப் தெ போமோன் மகளின் விருப்பத்தை அரசரிடம் தெரிவித்தார். இரண்டு வாரத் தயக்கத்துக்குப் பின் பிப்ரவரி 16 அன்று அரசர் எழுத்தில் இசைவு தந்தார். அக்காள்கள் மூவருக்கும் எதுவும் தெரியாது. ஏப்ரல் 11, புனித வாரத்துப் புதன்கிழமை விடியலில் வண்டி சேன்-தெனிக்குப் புறப்பட்டது. லூயிஸ் போய்விட்டாள் என்று அரசர் வந்து சொன்னபோது, மூத்தவரான அதலாயித் இளவரசி கேட்ட முதல் கேள்வி, “யாருடன்?” என்பது. அரண்மனையில் ஒரு பெண் காணாமற்போனால் வேறு காரணம் யாருக்கும் தோன்றாது போலும்.

சேன்-தெனி மடத்தை அவர் தேர்ந்ததற்குக் காரணம் அதன் ஏழ்மையும் கண்டிப்பும். கடன் சுமையால் கலைந்துவிடும் நிலையில் இருந்த மடம் அது. பிரான்ஸ் அரசர்கள் வழிவழியாகப் புதைக்கப்படும் பேராலயமும் அதே ஊரில், நடந்தால் சில நிமிடத் தொலைவில்தான் இருந்தது. 1770 செப்டம்பர் 10 அன்று, மணப்பெண் கோலத்தில் வைரங்களோடு வந்து, பழுப்பு நிறக் கம்பளி அங்கியையும் உத்தரியத்தையும் வெண்ணிறப் போர்வையையும் பெற்றுக்கொண்டார். முக்காட்டை அணிவித்தவர், அரசரின் பேரனான பட்டத்து இளவரசரை மணந்து சில மாதங்களுக்கு முன் ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த பதினான்கு வயது மரி அந்துவானெத். மறு ஆண்டு வார்த்தைப்பாடு என்னும் துறவு உறுதிமொழியைக் கொடுத்தார். துறவுப் பெயர், புனித அகுஸ்தினாரின் தெரேசா.

மடத்தின் ஒரு நாள் என்பது வைக்கோல் மெத்தையிலிருந்து விடியுமுன் எழுவதில் தொடங்கும். திருப்புகழ்மாலை என்னும் நாள்முறை மன்றாட்டும் இரண்டு மணி நேர மௌன தியானமும் உண்டு. புலால் இல்லை. செப்டம்பர் 14 முதல் உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் வரை நீண்ட நோன்பு. மற்ற நேரமெல்லாம் கைவேலை. காம்பான் ஒருமுறை அவரைப் பார்க்கப் போனபோது, அரசகுமாரி துணி வெளுக்கும் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். “இங்கே வருவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் உன் இளம் நுரையீரலை மிகவும் வருத்திவிட்டேன்” என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாராம். மடத்துக்குள் ஆன்மிக நூல்களைத் தவிர வேறெதுவும் வாசிக்கக் கிடைக்காது என்று தெரிந்ததால், தமக்குப் பிடித்த வரலாற்று நூல்களை எல்லாம் கடைசியாக ஒருமுறை கேட்டு முடித்துவிட விரும்பி, அந்தப் பெண்ணை நாள்தோறும் ஐந்து மணி நேரம் வரை வாசிக்க வைத்திருந்தார். அவர் விட்டுவந்தவற்றில் எது விலை உயர்ந்தது என்பது வைரங்களைப் பற்றிய வருணனைகளை விட இதில் நன்றாகத் தெரிகிறது.

1773இல் கன்னியர் அவரையே மடத்துத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள், பின்னரும் தேர்ந்தெடுத்தார்கள். பிறப்புக்கு வேலை வந்தது இங்கேதான். அரசரிடமிருந்து வந்த பணத்தால் மடத்தின் கடன் அடைந்தது. மரி அந்துவானெத்தின் கட்டடக் கலைஞரான ரிஷார் மீக், பழைய கோயிலின் இடத்தில் தூண்களும் குவிமாடமும் கொண்ட புதிய கோயில் ஒன்றை எழுப்பினார். 1783இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பு, கல்வி, மருத்துவம் போன்ற ‘பயனுள்ள’ தொண்டு எதுவும் செய்யாத தியான மடங்களைத் தம் ஆட்சிக்குட்பட்ட நெதர்லாந்துப் பகுதியில் (இன்றைய பெல்ஜியம்) மூடியபோது, தெருவில் நின்ற பிரஸ்ஸல்ஸ் கார்மேல் கன்னியரை அழைத்து லூயிஸ் தம் மடத்தில் இடம் கொடுத்தார். மடங்களை மூடிய பேரரசர், அவருக்கு முக்காடு அணிவித்த மரி அந்துவானெத்தின் அண்ணன்.

அவர் கடிதங்களும் எழுதினார். ஏழைக் கன்னியருக்குச் சீதனம், குருக்களுக்குப் பதவி, சமய விஷயங்களில் அரசின் போக்குக்குக் கண்டனம் என்று அவை வெர்சாய்க்கு வந்தபடி இருந்தன. இயேசு சபையினரின் பக்கம் நின்றவர் என்பதால், அவர்களை வெறுத்தவர்கள் கிராதிக்குப் பின்னால் ஓர் அரசியல் மையம் இருப்பதாகவே நம்பினார்கள். அரசியான பிறகு மரி அந்துவானெத்தும் பொறுமை இழந்தார். “இதோ, லூயிஸ் அத்தையிடமிருந்து இன்னொரு கடிதம். நாட்டிலேயே இவ்வளவு சூழ்ச்சி செய்யும் சின்னக் கார்மேல் கன்னி வேறு யாரும் இல்லை” என்று சொன்னதாகக் காம்பான் பதிவு செய்கிறார். இதை இளவரசியின் போலித்தனத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசரின் காதுக்கு எட்டும் குரல் ஒன்று தன்னிடம் இருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் கடனாளி மடத்தையும் வீடிழந்த கன்னியரையும் கைவிடுவதுதான் தாழ்மை என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் தந்தையைப் பற்றிப் பேசாதே என்று தெரேசா எழுதிய விதியை இந்தக் கடிதங்கள் நீர்த்துப்போகச் செய்தன என்பதையும் மறுக்க முடியாது. ‘அரசரின் அத்தை’ என்பதைத் தவிர அக்கடிதங்களுக்கு வேறு எந்தச் செல்வாக்கும் இல்லையே.

தந்தை அவ்வப்போது மடத்துக்கு வந்தார். அடைப்புக்குள் நுழைய அரசருக்கு உரிமை உண்டு. 1774 மே 10 அன்று அவர் பெரியம்மையில் இறந்தார். தொற்று அஞ்சி மற்றவர்கள் விலகியபோதும், அதலாயித் உள்ளிட்ட மூன்று மகள்கள் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தார்கள். சவப்பெட்டி ஒரு இரவில், அதிக மரியாதைகள் ஏதுமின்றி, வழியில் மக்களின் ஏளனக் கூச்சலுக்கு நடுவே சேன்-தெனிக்கு விரைந்து கொண்டுவரப்பட்டது. எந்த மனிதருக்காக லூயிஸ் துறவு பூண்டாரோ அவரை அதே ஊரில், அவர் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அடக்கம் செய்தார்கள். அடைப்பு விதி லூயிஸை வெளியே விடவில்லை.

1787 டிசம்பர் 23 அன்று தமது ஐம்பதாவது வயதில் லூயிஸ் இறந்தார். இறக்கும் தறுவாயில், வண்டியோட்டியிடம் பேசுவதுபோல், “சொர்க்கத்துக்கு! சீக்கிரம்! நாலுகால் பாய்ச்சலில்!” என்றாராம். குதிரையேற்றப் பிரியைக்கு ஏற்ற கடைசி வார்த்தை. புரட்சி இரண்டு ஆண்டுகளில் வந்தது. 1793இல் பேராலயத்தில் அரசர்களின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைக் குழியில் கொட்டியவர்கள், மடத்திலிருந்த அவருடைய கல்லறையையும் விட்டுவைக்கவில்லை. 1981 முதல் அந்த மடக் கட்டடம் நகரத்தின் கலை, வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

சீதனம் கேட்டு அவர் எழுதிய கடிதங்களில் ஒன்று, பாரிஸ் வானாய்வகப் பணியாளர் ஒருவரின் மகளான லிதுவானுக்காக. கோம்பியேன் கார்மேல் மடத்தில் சேர விரும்பிய அப்பெண்ணின் வீட்டில் பணம் இல்லை. லூயிஸ் பரிந்துரைக்க, மரி அந்துவானெத் அந்தச் சீதனத்தைக் கட்டினார். நன்றிக்கடனாக லிதுவான், புனித அகுஸ்தினாரின் தெரேசா என்ற அதே துறவுப் பெயரை வைத்துக்கொண்டு, பின்னர் அந்த மடத்துத் தலைவியும் ஆனார். 1794 ஜூலை 17 அன்று பாரிஸில் கில்லட்டினுக்குப் பாடிக்கொண்டே சென்ற கோம்பியேன் கன்னியர் பதினாறு பேரில், மற்றவர்களை எல்லாம் முன்னே அனுப்பிவிட்டு, மேடைப் படிகளில் கடைசியாக ஏறியவர் அவர். லூயிஸை 1873இல் வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்த திருச்சபை, 1997இல் அவருடைய நற்பண்புகளை வீரத்துவமானவை என்று ஏற்றது. புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டத்துக்கு ஓர் அற்புதம் நிகழ்ந்ததாக உறுதிப்பட வேண்டும். சமயத்துக்காக உயிர்விட்ட மறைச்சாட்சிகளுக்கு அந்த நிபந்தனை இல்லை. வானாய்வகப் பணியாளரின் மகள் 1906இல் அருளாளராகி, 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸால் தம் தோழியரோடு புனிதர் வரிசையில் சேர்க்கப்பட்டார். அவருக்காகச் சீதனம் கேட்டு எழுதிய அரசகுமாரியின் வழக்கு உரோமையில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.